அதிகம் பேசாத கம்பெனியில் டொமைனை வைப்பது: கிளவுட்ஃப்ளேர் ரெஜிஸ்ட்ரார் அனுபவம்

கரூரில் படுக்கை விரிப்பு, கிச்சன் டவல், மேஜை விரிப்பு ஏற்றுமதி செய்யும் சில கம்பெனிகளுக்கு மெயில், வெப்சைட், ஆபீஸ் நெட்வொர்க் எல்லாம் பார்த்துக்கொடுப்பது என் தொழில். அவர்களுடைய டாட் காம் டொமைன்களில் பெரும்பாலானவை இப்போது கிளவுட்ஃப்ளேர் என்ற அமெரிக்க இன்டர்நெட் கம்பெனியின் ரெஜிஸ்ட்ராரில், அதாவது டொமைன் பதிவுசெய்து தரும் கடையில், இருக்கின்றன. விலை குறைவு என்பதற்காக அங்கே போகவில்லை. டொமைனைக் கடத்துகிறவர்களிடமிருந்தும், டொமைன் பெயரைச் சொல்லிப் பணம் கறக்கிறவர்களிடமிருந்தும் தள்ளி நிற்க எந்தக் கடை உதவும் என்று பார்த்துத்தான் போனேன். இந்த விமர்சனமும் அந்த ஒரு கோணத்தில் மட்டும்தான். வேகம், ஹோஸ்டிங், மற்ற வசதிகள் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்கள் மன்னிக்கவும்.

எங்கள் ஊர் முதலாளிகளுக்கு வெப்சைட் மேல் பெரிய பிரியம் கிடையாது. ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குக் கிளம்பும் முன் புது டிசைன் போட்டோக்களை ஏற்றச் சொல்வார்கள். அப்புறம் அடுத்த மார்கழிதான். அதனால் டொமைன் போனால் வெப்சைட் போய்விடும் என்று பயமுறுத்திப் பயனில்லை. மெயில் போய்விடும் என்று சொன்னால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். புரொஃபார்மா இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பேங்க் விவரம் எல்லாம் அந்த டொமைன் மெயிலில்தான் போய் வருகிறது. டொமைன் இன்னொருவன் கைக்குப் போனால், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை அவன் மாற்றி, ஜெர்மனியிலிருந்து பையர் அனுப்பும் மெயிலைத் தன் சர்வருக்கு வரவழைக்கலாம். 'எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்' என்று அதே முகவரியிலிருந்து எழுதலாம். ஒரு எழுத்தை மாற்றிய போலி முகவரி என்றால் கூர்ந்து பார்ப்பவர் கண்டுபிடிப்பார். இது அசல் முகவரியே. பையர் எதை வைத்துச் சந்தேகப்படுவார்? போதாக்குறைக்கு, அந்த மெயிலைக் கொடுத்துத் திறந்த அக்கவுண்ட்டுகளில் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் அந்த லிங்க்கும் திருடனுக்கே போகும்.

ஆனால் நம் இன்பாக்ஸுக்கு வரும் டொமைன் மோசடிகளில் பாதிக்கு மேல் திருட்டே கிடையாது. பில் கட்ட வைப்பதுதான் நோக்கம். ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் அக்கா எனக்குப் போன் செய்வார்: "தம்பி, டொமைன் பில்லு ஒண்ணு வந்திருக்குதுங்க. இன்னைக்குள்ள கட்டலீன்னா நின்னு போயிருமாம். கட்டிப்போடட்டுங்களா?" மெயிலைத் திறந்தால் டொமைன் பெயர் சரியாக இருக்கும், கம்பெனி பெயர் சரியாக இருக்கும், 'இறுதி அறிவிப்பு' என்று சிவப்பில் ஒரு வரி இருக்கும். கடைசியில், வெளிர் சாம்பல் எழுத்தில், இது டொமைன் புதுப்பித்தலே அல்ல, தேடுபொறிகளில் வெப்சைட்டைச் சேர்க்கும் சேவைக்கான அழைப்பு என்று எழுதியிருக்கும். வழக்கு வந்தால் காட்டிக்கொள்ள அந்த ஒரு வரி. இந்த அக்கா கேட்டுவிட்டுக் கட்டுகிறார். கேட்காமல் கட்டும் ஆபீஸ்கள் இருப்பதால்தான் அந்த மெயில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

இந்த வியாபாரம் மெயிலில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் 'டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா' என்று அரசாங்க ஆபீஸ் போலப் பெயர் வைத்துக்கொண்டு, காலாவதித் தேதி நெருங்கும் டொமைன்களின் உரிமையாளர்களுக்குத் தபாலில் பில் மாதிரி காகிதம் அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டுப் பணம் அனுப்பினால் டொமைன் புதுப்பிக்கப்படும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் நடப்பது டிரான்ஸ்ஃபர்: பழைய ரெஜிஸ்ட்ராரிடமிருந்து டொமைன் இவர்கள் பக்கம் வந்துவிடும், அதுவும் கூடுதல் விலைக்கு. அமெரிக்க அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டு, 2003 டிசம்பரில் இதற்கு முட்டுக்கட்டை போட்டது. இருந்தும் காகிதம் நிற்கவில்லை. இதே கூட்டத்தோடு தொடர்புடைய பிராண்டன் கிரே இன்டர்நெட் சர்வீசஸ் என்ற ரெஜிஸ்ட்ராரை, உலக அளவில் டொமைன் விதிகளை வகுக்கும் ஐகேன் அமைப்பு இடைநீக்கம் செய்தது 2014 ஜூலையில். ஒரு பொய்ப் பில்லுக்கு இவ்வளவு ஆயுள்.

ஏற்றுமதிக்காரர்களுக்கென்றே இன்னொரு ரகம் உண்டு. சீனாவில் டொமைன் பதிவு மையம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் மிக மரியாதையாக எழுதுவார்: 'இன்ன கம்பெனி உங்கள் பிராண்ட் பெயரில் சில ஆசிய டொமைன்களுக்கு விண்ணப்பித்திருக்கிறது. அவர்கள் உங்கள் ஏஜெண்டா? ஆட்சேபணை இருந்தால் உடனே சொல்லவும்.' சில நாளில் அந்த 'இன்ன கம்பெனி'யே கோபமாக எழுதும். பதறிப்போய்ப் பதில் போட்டால், வேண்டுமானால் நீங்களே முந்திக்கொண்டு பதிவுசெய்யலாம், இத்தனை டாலர் என்று வரும். எந்த ரெஜிஸ்ட்ராரும் வந்த விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு உங்களிடம் அனுமதி கேட்க மாட்டார். பெயர் காலியாக இருந்தால் முதலில் கேட்டவருக்குப் போகும், அவ்வளவுதான். பிராண்ட் மேல் உயிரையே வைத்திருக்கும் ஒரு முதலாளி இந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராக வக்கீலிடம் போனார். வக்கீலும் பதில் நோட்டீஸ் தயாரித்துவிட்டார். நல்லவேளை, அனுப்பும் முன் எனக்கு ஒரு காப்பி வந்தது.

சரி, நிஜமான டிரான்ஸ்ஃபர் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் எந்தக் கடை பாதுகாப்பு என்று எடைபோட முடியும். டாட் காம் டொமைன் எல்லாவற்றுக்கும் தலைமைப் பதிவேட்டை வைத்திருப்பது வெரிசைன். நாம் காசு கட்டும் கம்பெனி ரெஜிஸ்ட்ரார். ஒரு ரெஜிஸ்ட்ராரிடமிருந்து இன்னொன்றுக்கு மாற இரண்டு விஷயம் வேண்டும்: டொமைன் பூட்டு திறந்திருக்க வேண்டும், ஆத் கோடு என்ற ரகசியக் குறியீட்டைப் புது இடத்தில் கொடுக்க வேண்டும். பூட்டு போட்டிருந்தால் டொமைன் விவரத்தில் 'கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்' என்று காட்டும். கோடு கொடுத்தபின் பழைய ரெஜிஸ்ட்ரார் உரிமையாளருக்கு ஒரு மெயில் அனுப்புவார்: டொமைன் வெளியே போகிறது, சம்மதமா என்று. ஐந்து நாள் பதில் இல்லையென்றால்? சம்மதம் என்று எடுத்துக்கொண்டு டொமைன் போய்விடும். கேட்பவர்கள் யாரும் முதலில் இதை நம்புவதில்லை. மௌனம் சம்மதம் என்பது இங்கே விதியாகவே இருக்கிறது.

இந்த விதி 2004 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நல்ல நோக்கத்தில் வந்ததுதான். வாடிக்கையாளரைப் போகவிடாமல் இழுத்தடித்த ரெஜிஸ்ட்ரார்களுக்கு மூக்கணாங்கயிறு போடவே கொண்டுவந்தார்கள். ஆனால் இரண்டு மாதம் ஆன கையோடு, 2005 ஜனவரி 15 அன்று, நியூயார்க்கின் பழைய இன்டர்நெட் கம்பெனியான பேனிக்ஸின் டொமைன் அவர்களுக்குத் தெரியாமலே ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் ஐடி என்ற ரெஜிஸ்ட்ராருக்குப் போய்விட்டது. அங்கே அவர்களுக்காக டொமைன் விற்கும் ஒரு ரீசெல்லர், உரிமையாளரின் சம்மதத்தைச் சரிபார்க்காமல் விட்டதே காரணம். அன்று சனிக்கிழமை, நமக்குப் பொங்கல் விடுமுறை. பேனிக்ஸை நம்பி மெயில் வைத்திருந்தவர்கள் அத்தனை பேருடைய கடிதங்களும் வேறு எங்கோ போயின. அந்த வார இறுதி முழுக்க அல்லாடி, ஆஸ்திரேலியாவில் திங்கட்கிழமை ஆபீஸ் திறந்த பிறகுதான் டொமைன் திரும்பியது. கண்காட்சி, பண்டிகை, முதலாளி விமானத்தில் இருக்கும் நேரம் இவையெல்லாம் எனக்கு உறுத்துவது இதனால்தான். அந்த ஐந்து நாளில் மெயில் பார்க்க ஆள் இருக்க வேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் கிளவுட்ஃப்ளேர். இவர்கள் 2018 செப்டம்பரில் ரெஜிஸ்ட்ரார் சேவையை எல்லோருக்குமாக அறிவித்தார்கள். சொன்ன வாக்குறுதி ஒன்றுதான்: வெரிசைன் எங்களிடம் வாங்கும் விலையையும் ஐகேன் கட்டணத்தையும் மட்டும் வாங்குவோம், எங்கள் லாபம் எதுவும் சேர்க்க மாட்டோம். டாட் காமின் மொத்த விலை 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. அதன் மேல் ஐகேனுக்குச் சில சென்ட். அவ்வளவுதான் பில். முதல் வருடம் 99 ரூபாய், இரண்டாம் வருடம் ஆயிரத்துச் சொச்சம் என்ற விளையாட்டு இங்கே இல்லை.

இந்த விலைமுறையில் காசை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. டொமைனில் லாபம் இல்லாத கடைக்கு அந்த டொமைனைச் சாக்காக வைத்து உங்களைத் துரத்த வேண்டிய தேவை இல்லை. நான் முன்பு டொமைன்களை வைத்திருந்த ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், மாதம் முழுக்க மெயில் போடும். 'உங்கள் டொமைன் ஆபத்தில்', 'இன்றே பாதுகாப்பைச் சேர்க்கவும்', 'இந்தப் பெயரின் வேறு வடிவங்கள் காலியாக உள்ளன', 'சலுகை நள்ளிரவோடு முடிகிறது'. அந்த அசல் மெயில்களுக்கும் மேலே சொன்ன போலி மெயில்களுக்கும் குரலில் வித்தியாசமே கிடையாது. அதே சிவப்பு, அதே அவசரம். அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு எது அசல், எது போலி என்று எப்படித் தெரியும்? அவரைக் குறை சொல்லி என்ன பயன்! பூட்டு என்பது எல்லா ரெஜிஸ்ட்ராரிடமும் இலவசமாகக் கிடைக்க வேண்டிய சாதாரண விஷயம். அதையே அழகான பெயர் வைத்த 'பாதுகாப்புத் திட்ட'த்துக்குள் செருகி விற்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு வெறுத்துப்போனது.

கிளவுட்ஃப்ளேரில் விளம்பர மெயில்களை அமைப்பில் நிறுத்திவிட்டால், டொமைன் சம்பந்தமாக வருவது பில், புதுப்பித்தல் நினைவூட்டல், நாமே ஏதாவது மாற்றினால் அதற்கான உறுதிப்படுத்தல், இவ்வளவுதான். எங்கள் ஆபீஸ்களில் இப்போது ஒரு எளிய வழக்கம் வைத்திருக்கிறோம்: டொமைன் என்ற சொல்லோடு பில் வந்தால், அனுப்பியவர் கிளவுட்ஃப்ளேரா என்று கூடப் பார்க்க வேண்டாம். மெயிலில் உள்ள எந்த லிங்க்கையும் தொடாமல், தனியாக லாகின் செய்து, உள்ளே அந்தப் பில் இருக்கிறதா என்று பார்ப்பது. வருடத்துக்கு ஒரு பில் வரும் இடத்தில் இது சாத்தியம். வாரத்துக்கு நான்கு மெயில் வரும் இடத்தில் யாரும் செய்ய மாட்டார்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். புது டொமைன் பதிவுசெய்தாலோ உரிமையாளர் விவரத்தை மாற்றினாலோ 'இந்த மெயில் முகவரியை உறுதிசெய்யவும்' என்று ரெஜிஸ்ட்ராரிடமிருந்து ஒரு லிங்க் வரும். 15 நாளில் உறுதிசெய்யாவிட்டால் டொமைன் நிறுத்தப்படலாம். இது ஐகேன் விதி, அசல் மெயில். ஆனால் பார்க்க அப்படியே மோசடி மெயில். 'லிங்க்கை அழுத்து, இல்லாவிட்டால் போச்சு' என்ற தொனியில் வரும் மெயில்களைப் பற்றி உலகத்துக்கே எச்சரிக்கை கொடுக்கும் ஒரு துறை, தானே அந்தத் தொனியில் மெயில் போடும் அழகை என்ன சொல்ல. நான் சொல்லிவைத்திருப்பது: நாம் அன்று ஏதாவது மாற்றியிருந்தால் மட்டும் அழுத்துங்கள், மாற்றவில்லையென்றால் எனக்குக் கூப்பிடுங்கள்.

இடம் மாற்றும் வேலையைப் பற்றிச் சுருக்கமாக. கிளவுட்ஃப்ளேருக்குள் டொமைனைக் கொண்டுவர, முதலில் அதன் நேம்சர்வரை (டொமைனின் மெயிலும் வெப்சைட்டும் எங்கே இருக்கின்றன என்று உலகத்துக்குச் சொல்லும் சர்வர்) அவர்களுடையதாக மாற்ற வேண்டும். அதில் இருக்கும் குறிப்புகளான டிஎன்எஸ் ரெக்கார்டுகளை அவர்களே ஸ்கேன் செய்து இழுத்துக்கொள்வார்கள், ஆனால் எல்லாம் வந்துவிடும் என்று நம்பக்கூடாது. எம்எக்ஸ், எஸ்பிஎஃப் எல்லாம் வந்தாலும், மெயில் அசல் என்று காட்டும் டிகேஐஎம் ரெக்கார்டு விட்டுப்போக வாய்ப்பு உண்டு. அது இல்லாவிட்டால் பையரின் ஸ்பேம் பெட்டியில் நம் இன்வாய்ஸ் தூங்கும். பழைய இடத்தில் உள்ள ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். புதிதாகப் பதிவுசெய்த அல்லது சமீபத்தில் ஒருமுறை மாற்றிய டொமைன் என்றால் 60 நாள் நகர்த்த முடியாது. மாற்றும்போது ஒரு வருடக் கட்டணம் வாங்குவார்கள்; அது காலாவதித் தேதியில் ஒரு வருடமாகக் கூடிவிடும் என்பதால் நஷ்டமில்லை. ஆத் கோடு கேட்டால் பழைய ரெஜிஸ்ட்ரார் ஐந்து நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். போகாதீர்கள், பாதி விலைக்குத் தருகிறோம் என்று போன் வரலாம். வரட்டும்.

உள்ளே வந்தபின் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். உரிமையாளரின் பெயர், போன் நம்பர் எல்லாம் பொதுப் பதிவேட்டில் தெரியாதபடி மறைப்பதும் இலவசம். டிஎன்எஸ் பதில்களை யாரும் போலியாக்காமல் காக்கும் டிஎன்எஸ்செக் ஒரு பட்டனில். ஆனால் இந்தப் பூட்டை அளவுக்கு மீறி நம்பக்கூடாது. லாகின் கையில் இருக்கும் யாரும் அதே திரையில் பூட்டைத் திறந்து ஆத் கோடை எடுத்துக்கொள்ளலாம். வெளியாளுக்குத்தான் அது பூட்டு. உள்ளே வந்துவிட்ட திருடனுக்கு அது கதவில் ஒரு தாழ்ப்பாள். அதனால் டூ ஃபேக்டர், அதாவது பாஸ்வேர்டோடு இரண்டாவது ஒரு சான்று, கட்டாயம். முடிந்தால் யூஎஸ்பி கீ, இல்லையென்றால் ஆத்தென்டிகேட்டர் ஆப். அப்புறம் இன்னொன்று, பலர் கவனிக்காதது: ரெஜிஸ்ட்ரார் லாகினுக்குக் கொடுக்கும் மெயில் அதே டொமைனில் இருக்கக்கூடாது. டொமைன் போனால் அதை மீட்பதற்கான மெயிலும் சேர்ந்து போகும். தனியாக ஒரு ஜிமெயில், அதற்கும் டூ ஃபேக்டர், அதை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் வைத்திருப்பது நல்லது. ஆனால் முதலாளி போனில் அது லாகின் ஆகியிருக்க வேண்டும். ஐந்து நாள் மெயில் அங்கேதான் வரும்.

வெப்சைட் ஓடுகிறது, மெயில் வருகிறது, அதனால் டொமைன் நம்மிடம்தான் இருக்கிறது என்று நினைப்பதும் தப்பு. பெர்ல் நிரல்மொழிக்காரர்களின் பெர்ல் டாட் காம் டொமைன் பல வருடமாக நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ரெஜிஸ்ட்ராரிடம் இருந்தது. 2020 டிசம்பரில் அது சத்தமில்லாமல் ஒரு சீன ரெஜிஸ்ட்ராருக்கு நகர்ந்தது. நேம்சர்வரைத் திருடர்கள் தொடவில்லை, அதனால் தளம் வழக்கம்போல ஓடியது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 2021 ஜனவரி கடைசியில் இன்னொரு ரெஜிஸ்ட்ராருக்கு நகர்த்தி நேம்சர்வரையும் மாற்றிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் மீட்டார்கள். உலகம் முழுக்க கம்ப்யூட்டர் ஆட்கள் தினமும் எட்டிப்பார்க்கும் டொமைனுக்கே இது நடந்தது. அதனால் மாதம் ஒருமுறை ஐகேனின் லுக்அப் பக்கத்தில் எல்லா டொமைனையும் போட்டுப் பார்க்கிறேன். ரெஜிஸ்ட்ரார் பெயர், காலாவதித் தேதி, பூட்டு நிலை, நேம்சர்வர். கிளவுட்ஃப்ளேரில் இருந்தாலும் இந்த வேலையை அவர்கள் நமக்காகச் செய்ய மாட்டார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். நேம்சர்வர் கட்டாயமாக அவர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பது முதல் குறை. டிஎன்எஸ்ஸை வேறு இடத்தில் வைக்க விரும்பினால் இந்தக் கடை உங்களுக்கு இல்லை. டொமைனும் டிஎன்எஸ்ஸும் ஒரே லாகினில் இருப்பது முட்டையெல்லாம் ஒரே கூடையில் என்று சொல்பவர்கள் உண்டு; அது நியாயமான கவலை. பெரிய நிறுவனங்களுக்கு இவர்கள் வேறொரு சேவை தருகிறார்கள். பதிவேட்டு அளவிலேயே வெரிசைனிடம் பூட்டிவிட்டு, மாற்றம் வேண்டுமென்றால் முன்பே ஒப்புக்கொண்ட ஆட்களிடம் வேறு வழியில் உறுதிசெய்த பிறகே திறப்பது. பேங்குகளுக்கு அது தேவை. அது எண்டர்பிரைஸ் ஒப்பந்தத்தில்தான் கிடைக்கும். டவல் ஏற்றுமதிக்காரருக்கு எட்டாது, எட்டினாலும் வேண்டாம்.

இரண்டாவது, பணம். பில் டாலரில் வருகிறது, கார்டில் போகிறது. 2021 அக்டோபரிலிருந்து தானாகப் பணம் பிடிப்பது பற்றிய ரிசர்வ் வங்கியின் விதி வந்த பிறகு, வெளிநாட்டுக் கம்பெனி நம் கார்டிலிருந்து தானாக எடுப்பது எல்லா பேங்கிலும் ஒழுங்காக நடப்பதில்லை. 'ஆட்டோ ரினியூ' போட்டுவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்க முடியாது. டொமைன் திருட்டுக்குப் பயந்து இங்கே வந்துவிட்டு, கார்டு மறுத்ததால் டொமைனைக் காலாவதியாக்கினால் அதைவிடக் கேலி வேறில்லை. அதனால் ஆட்டோ ரினியூவும் வைத்திருக்கிறேன், முக்கியமான டொமைன்களுக்குப் பல வருடத்துக்கு முன்கூட்டியும் கட்டிவிட்டேன். டாட் காமுக்கு அதிகபட்சம் பத்து வருடம் வரை கட்டலாம். பத்து வருடம் கட்டிய டொமைனுக்கு 'நாளை காலாவதி' என்று மெயில் வந்தால் அக்கா சிரித்துவிட்டு அழித்துவிடுகிறார்.

மூன்றாவது பெரிய குறை. போன் கிடையாது. சிறிய வாடிக்கையாளராகிய நமக்கு டிக்கெட் போட்டுக் காத்திருப்பதுதான். டொமைன் கடத்தப்பட்டால் மணிக்கணக்கு முக்கியம். ரெஜிஸ்ட்ரார்களுக்குள் அவசரத்துக்கென்று தொடர்பு வழி ஒன்றை ஐகேன் வைத்திருக்கிறது. ஒரு ரெஜிஸ்ட்ரார் கூப்பிட்டால் இன்னொரு ரெஜிஸ்ட்ரார் நான்கு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அது அவர்களுக்குள் மட்டும். நீங்களோ நானோ அந்த வழியில் நுழைய முடியாது. நம் ரெஜிஸ்ட்ரார் நமக்காகக் கூப்பிட வேண்டும், அதற்கு முதலில் நம் டிக்கெட்டை ஒருவர் திறந்து படிக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காக, தமிழில் பேசும் உள்ளூர் ரீசெல்லரிடமே டொமைனை விட்டுவைத்திருக்கும் வாடிக்கையாளர் எனக்கு உண்டு. "கூப்பிட்டா எடுக்கற ஆளு வேணுங்க தம்பி" என்றார் அண்ணன். மறுத்துப் பேசவில்லை.

ஆனால் மனதுக்குள் ஒரு எதிர்வாதம் ஓடாமல் இல்லை. கூப்பிட்டால் எடுக்கும் ஆள் திருடன் கூப்பிட்டாலும் எடுப்பார். 1995-இல் செக்ஸ் டாட் காம் டொமைனை ஸ்டீஃபன் கோஹன் என்பவர் கேரி கிரெமனிடமிருந்து பறித்தது ஹேக்கிங் எதுவும் செய்யாமல், நெட்வொர்க் சொல்யூஷன்ஸுக்கு ஒரு போலிக் கடிதம் அனுப்பித்தான். கடிதத்தை நம்பி டொமைனை மாற்றிக்கொடுத்தார்கள். வழக்குப் போட்டு மீட்பதற்குள் ஐந்து வருடம் ஆகிவிட்டது. டொமைன் என்பது ஒருவருடைய சொத்துதான் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003-இல் சொன்னதும் இந்த வழக்கில்தான். மனிதரைப் பேசி மயக்கும் வித்தை இன்னும் பழையதாகிவிடவில்லை. லாகினும் கீயும் இல்லாமல் யாரிடம் கெஞ்சியும் காரியம் ஆகாத கடையில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி இருக்கிறது. கீயை நாமே தொலைத்தால் அதே நிம்மதி தலைவலியாகும். மீட்புக் குறியீடுகளைப் பிரிண்ட் எடுத்து கம்பெனி பீரோவில் வைக்கச் சொல்வது அதற்காக.

கம்பெனி கைமாறும் அபாயம் எந்த ரெஜிஸ்ட்ராருக்கும் உண்டு. கூகுள் டொமைன்ஸை நம்பி இருந்தவர்கள் 2023 ஜூனில் ஒரு நாள் எழுந்து பார்த்தபோது ஸ்குவேர்ஸ்பேஸுக்கு விற்கப்பட்டிருந்தார்கள். 2024 ஜூலையில் அப்படி இடம் மாறிய அக்கவுண்ட்டுகளுக்குள் புகுந்து சில கிரிப்டோ கம்பெனிகளின் டொமைன்களைத் திருப்பிவிட்டார்கள். உரிமையாளர் புது இடத்தில் இன்னும் லாகின் செய்யாத அக்கவுண்ட்டில், அவருடைய மெயில் முகவரியைத் தெரிந்த வேறொருவர் முந்திக்கொள்ள முடிந்ததுதான் காரணம் என்று பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள். கிளவுட்ஃப்ளேருக்கும் நாளை எதுவும் நடக்கலாம். 'எங்கள் சேவை இடம் மாறுகிறது' என்று எந்தக் கம்பெனி அறிவித்தாலும் அன்றே உள்ளே போய் பாஸ்வேர்ட், டூ ஃபேக்டர் இரண்டையும் புதிதாகப் போட வேண்டும்.

கடைசியாக, எந்தக் கடையில் வைத்தாலும் சரிப்படாத ஒரு நோய். டொமைன் யார் பெயரில் இருக்கிறது? நான் பொறுப்பெடுத்த ஒரு கம்பெனியில், முன்பு வெப்சைட் செய்துகொடுத்தவர் டொமைனைத் தன் சொந்த அக்கவுண்ட்டில், தன் பெயரில், தன் மெயிலில் பதிவுசெய்திருந்தார். வருடா வருடம் காசு வாங்கிக் கட்டியும் வந்தார். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். வேலை எளிது என்று பலர் இப்படிச் செய்கிறார்கள். மனத்தாங்கல் வந்து பிரிந்தபோது டொமைன் பணயப் பொருளானது. ஆத் கோடு கேட்டால் பழைய பாக்கி, புதிய பாக்கி என்று கணக்கு வந்தது. ஐகேன் பதிவேட்டைப் பொறுத்தவரை உரிமையாளர் அவர்தான், முதலாளி யாரோ ஒருவர். எந்தப் பூட்டும் இங்கே உதவாது. முதலாளி கேட்ட தொகையைக் கொடுத்துத் தீர்த்தார்.

அதனால் நான் செய்யும் முறை இது: கிளவுட்ஃப்ளேர் அக்கவுண்ட் முதலாளியின் மெயிலில், கம்பெனி கார்டில், கம்பெனி பெயரில் திறக்கப்படும். என்னை உறுப்பினராக மட்டும் சேர்ப்பார்கள். நாளை என்னோடு சண்டை வந்தால் இரண்டு கிளிக்கில் என்னைத் தூக்கி எறியலாம். எனக்கும் அதுவே வசதி. டொமைன் ஏதாவது ஆனால் என் மேல் சந்தேகம் வராது. இந்த உறுப்பினர் வசதி இலவசத் திட்டத்திலேயே இருப்பது கிளவுட்ஃப்ளேரில் எனக்கு மிகப் பிடித்த விஷயங்களில் ஒன்று. ஒரே பாஸ்வேர்டை வாட்ஸப்பில் நான்கு பேருக்கு அனுப்பும் கலாச்சாரம் இதனால்தான் எங்கள் ஆபீஸ்களில் ஒழிந்தது.

போலிப் பில்லுக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் முதலில் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்துவிட்டு, கையோடு பேங்கிலும் சொல்லுங்கள். கட்டும்போது ஆத் கோடையும் கொடுத்திருந்தால் அதற்கும் முன்பாக ரெஜிஸ்ட்ராரில் நுழைந்து டொமைனைப் பூட்டி, புதிய கோடு உருவாக்குங்கள். பழைய கோடு அதோடு செல்லாது.

யாருக்கு இதைச் சொல்வேன்? டாட் காம் வைத்திருக்கும், டிஎன்எஸ் என்றால் என்னவென்று தெரிந்த ஒரு ஆளாவது பக்கத்தில் இருக்கும் சிறு கம்பெனிக்கு, தயங்காமல். டெக்னிக்கல் ஆள் யாரும் இல்லாத, பில்லை ரூபாயில் ஜிஎஸ்டி போட்டு வாங்கியே ஆக வேண்டிய, போனில் பேசினால்தான் மனது அடங்கும் ஆபீஸுக்கு வேண்டாம். அவர்கள் நல்ல உள்ளூர் ஆளிடமே இருக்கட்டும், அக்கவுண்ட் மட்டும் தங்கள் பெயரில் இருக்கிறதா என்று இன்றே கேட்டுப் பார்க்கட்டும். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைந்த ஒன்று போன் நம்பருக்கு.